மூணாம் ஷிஃப்ட்காரருக்கு ஒரு தூக்க மாத்திரை

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் புதுக் கட்டில்கள் வாங்கியிருக்கிறார்களாம். படுத்திருக்கும் பெரியவர் எழுந்து உட்கார்ந்தாலே நர்ஸ் மேசையில் மணி அடித்துவிடுமாம். யாரும் இனி விழ மாட்டார்களாம். வார்டுப் பிள்ளைகள் போட்டோ எடுத்து அனுப்பி, ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். இந்த மணி இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுத வேண்டுமாம்.

சமாளிக்கவில்லை, பிள்ளைகளே. விழுந்தார்கள். தூக்கிவிட்டோம். மறுபடி விழுந்தார்கள். அதை எழுதினால் மலரில் போடுவீர்களா என்று கேட்டேன். கையெடுத்துக் கும்பிடுகிற பொம்மை ஒன்று பதிலாக வந்தது. சரி, எழுதித் தொலைக்கிறேன்.

முப்பத்தொரு வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் போய் வந்தேன். உட்கார்ந்து போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எலும்பு முறிவுக்கென்றே இருந்த தனியார் ஆஸ்பத்திரி அது. நர்ஸ் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மதுரையில் படித்தேன், ஹாஸ்டல் சாம்பாரைச் சகித்துக்கொண்டேன், பாஸானேன். நான் கற்றதெல்லாம் ஞானம் சிஸ்டரிடம்தான். அவர்தான் எங்கள் தலைமை நர்ஸ்.

ஞானம் சிஸ்டர் குள்ளமாக இருப்பார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும், நாம்தான் குனிந்து கேட்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வார்டைச் சுற்றுவார், அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு. தரையில் ஈரம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும் என்பார். எங்களையும் கழற்றச் சொல்வார். அந்த பினாயில் தரையில் வெறுங்காலோடு நடந்து நடந்து என் பாதத்தில் வெடிப்பு வந்ததுதான் மிச்சம்.

ஒவ்வொரு கட்டிலாக நிற்பார். பெரியவரை உட்காரச் சொல்லி, இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா என்று பார்ப்பார். பதியவில்லையென்றால் அந்தக் கட்டில் அவருக்கு ஆகாது. தண்ணீர்ச் செம்பு கை எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடி தலையணைக்கு அடியில் இருக்கக் கூடாது, பக்கத்து ஸ்டூலில் இருக்க வேண்டும். கக்கூஸ் வாசலில் யாராவது சாக்கு விரித்திருந்தால் அதைத் தன் கையாலேயே சுருட்டி எடுத்துக்கொண்டு போவார். வேட்டி தரையைத் தொட்டால், "மடிச்சுக் கட்டுங்கய்யா, இங்க ஒண்ணும் கல்யாணம் நடக்கல" என்பார்.

படுத்திருப்பவர்கள் சட்டென்று எழுந்து நிற்கக் கூடாது என்பது அவருடைய பெரிய சட்டம். எழுந்தால் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார வேண்டும். எண்ணச் சொன்னால் மனுஷர்கள் ஒன்று இரண்டு பத்து என்று தாவிவிடுவார்கள் என்று, பெற்ற பிள்ளைகள், பேரன் பேத்திகள் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் எழ வேண்டும் என்று வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு அம்மாள் இருந்தார், மூத்த மருமகளோடு சண்டை. அந்த வீட்டுப் பேரன்களை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். ஞானம் சிஸ்டர் தோளைத் தொட்டு உட்கார வைத்து, விட்ட பெயர்களையும் சொல்ல வைப்பார். டிஸ்சார்ஜ் ஆகிற நாளில் அந்த மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு போனார் அந்த அம்மாள். ஞானம் சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எங்களுக்கு அவர் சொன்னதில் முக்கியமானது ஒன்று. விழுந்து வருகிறவர்களிடம் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்கக் கூடாது.

"கேட்டா வழுக்கிட்டுன்னுதான் சொல்லுவாக. எப்பப் படுத்தீக, எப்ப முழிச்சீக, எதுக்கு எந்திரிச்சீகன்னு மூணையும் கேளு. அவியகிட்டயே கேளு. கூட வந்தவுகட்ட கேக்காத."

அவ்வளவுதான் பாடம். இதைக்கூட ஒழுங்காகச் செய்யாத ஒருத்தி எழுதுகிற கட்டுரை இது.

செட்டியார்பட்டியிலிருந்து சுப்பையா என்று ஒருவர் வந்தார். எழுபதைத் தாண்டியவர். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. பட்டப்பகலில் வீட்டு வாசற்படியில் தடுமாறி விழுந்திருக்கிறார். கட்டுப் போட்டு இரண்டு நாள் வைத்திருந்தோம். கூட இருந்தது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன்.

டிஸ்சார்ஜ் அன்று மதியம் மகன்தான் என்னிடம் வந்து முறையிட்டான். அப்பா ராத்திரி முழுக்கக் கண் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், விடிந்த பிறகு படுத்துத் தூங்குகிறார், நான் வந்த நாளிலிருந்து பகலில் தூங்க விடாமல் எழுப்பிவிடுகிறேன், அப்படியும் ராத்திரி தூங்க மாட்டேன் என்கிறார், அசதியில்தான் விழுந்திருக்கிறார், ஏதாவது மாத்திரை கொடுங்கள் என்றான். அவன் சொன்னதில் எனக்குத் தப்பாக ஒன்றும் படவில்லை. இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வீட்டில் என் மாமியாருக்குக் காய்ச்சல். சின்ன டாக்டரிடம் போய், தூக்கம் இல்லை, எழுதிக் கொடுங்கள் என்றேன். என் வார்த்தையை நம்பி அவர் எழுதினார்.

படிக்கத் தெரியாதவர்களுக்காக மாத்திரைக் கவரில் படம் போட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம். காலை மாத்திரைக்குச் சூரியன், ராத்திரி மாத்திரைக்குப் பிறை. நான் ஒரு பிறை வரைந்து, கீழே "ஒன்பது மணிக்கு ஒன்று" என்று எழுதி மகன் கையில் கொடுத்தேன். நாலு அடி தள்ளி நாற்காலியில்தான் சுப்பையா உட்கார்ந்திருந்தார், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடுப்பு எலும்பு முறிவு. கூட வந்தது பக்கத்து வீட்டுப் பெண். நைட்டி தைக்கிறவர். அவர் சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது.

சுப்பையாவின் மனைவி பேச்சியம்மாளுக்குச் சர்க்கரை முற்றி இரண்டு கண்ணும் போய்விட்டது. பாதத்திலும் உணர்ச்சி இல்லை. ராத்திரியில் மூன்று நாலு தடவை ஒண்ணுக்குப் போக வேண்டும். கொல்லைப்புறம் வரை கைபிடித்துக் கூட்டிப் போக வேண்டும். மில்லில் இருபத்தெட்டு வருஷம் மூணாம் ஷிஃப்ட் பார்த்தவர் சுப்பையா. ராத்திரி முழித்திருப்பது அவருக்கு உடம்போடு ஊறியது. ஆகையால் ராத்திரி அவர் காவல். காலை எட்டு மணிக்கு நைட்டி தைக்கிற பெண் தையல் மிஷினோடு அவர் வீட்டுக்கே வந்துவிடுவார். அப்போது அவர் மதியம் வரை தூங்குவார். வருஷக்கணக்காக அப்படித்தான் ஓடியிருக்கிறது, ஒரு குறையும் இல்லாமல். மகன் வந்து பகல் தூக்கத்தைக் கெடுத்தான், மணிக்கட்டு போனது. நான் மாத்திரை கொடுத்தேன், இடுப்பு போனது.

மாத்திரை போட்டுப் படுத்தவர் மனைவி கூப்பிட்ட சத்தத்தில் எழுந்திருக்கிறார். இரண்டு பேருமாகக் கொல்லை வாசலைத் தாண்டும்போது விழுந்திருக்கிறார்கள். பேச்சியம்மாளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. விடிந்து தையல்காரப் பெண் வரும் வரை இரண்டு பேரும் சிமெண்டுத் தரையிலேயே கிடந்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் கொடுத்த மஞ்சள் பையில் மாத்திரைகளெல்லாம் இருந்தன. ஞானம் சிஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். பிறை போட்ட கவர் வந்தது. என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"அவியட்ட கேட்டியா?"

"மகன் சொன்னாரு, சிஸ்டர்."

"மகன் திருப்பூர்ல இருக்கான்." அதற்கு மேல் குரல் தணிய இடமில்லை. "ஆபரேஷன் முடியட்டும். நீயே போய் அவியட்ட சொல்லிரு."

சொல்லத்தான் போனேன். சத்தியமாகப் போனேன். ஆபரேஷன் முடிந்து மறுநாள் கண் திறந்து கிடந்தார். என்னைப் பார்த்ததும், "தாயி, வீட்ல அவ சாப்பிட்டாளான்னு செத்த கேட்டுச் சொல்லுதியா?" என்றார். போனை எடுத்துத் தையல்காரப் பெண்ணிடம் கேட்டு, சாப்பிட்டார்களாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் ஞானம் சிஸ்டர் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொல்லிட்டேன் சிஸ்டர் என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மகன் வந்தான். அவனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஒற்றை அறை வீடு, இரண்டு குழந்தைகள், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் கம்பெனி வேலை. அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போகிறேன், அப்பாவை ஏதாவது ஹோமில் சேர்த்துவிடுகிறேன், இரண்டு பேரையும் வைத்துப் பார்க்க எனக்கு வழியில்லை என்று அழுதான். அப்பா நடந்து, அம்மாவைப் பார்த்துக்கொள்கிற அளவுக்குத் தேறினால் இரண்டு பேரையும் இங்கேயே விட்டுவிடுகிறேன், பொங்கலுக்கு வந்து பார்ப்பேன் என்றான். அதுவரை தையல்காரப் பெண்ணே பேச்சியம்மாளைத் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஐம்பது வருஷம் சேர்ந்திருந்தவர்களைப் பிரிக்கிற காரியத்துக்கு ஒரு பிறை வரைந்து நான் தொடங்கி வைத்திருந்தேன்.

பொங்கலுக்கு எட்டு வாரம் இருந்தது. சுப்பையா நடக்கவில்லை. காலை பத்து மணிக்கு நடைப் பயிற்சி கொடுக்கிறவர் வந்து எழுப்புவார், இவர் வாக்கரைப் பிடித்து இரண்டு எட்டு வைத்ததும் கால் மடங்கி உட்கார்ந்துவிடுவார். ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார் என்று சீட்டில் எழுதிவிட்டுப் போவார் அவர். மூன்று நாள் பார்த்துவிட்டு ஞானம் சிஸ்டர் அந்தப் பயிற்சிக்காரரிடம் போய், இனி சாயங்காலம் ஆறு மணிக்கு வாருங்கள் என்றார். "காலைல பத்து மணிங்கது இவியளுக்கு நடுச்சாமம். உங்கள நடுச்சாமத்துல எழுப்பி நடக்கச் சொன்னா நடப்பீகளா?" அவர் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். முதல் நாள் சாயங்காலம் சுப்பையா வார்டின் கடைசி வரை போய்த் திரும்பினார். பகலில் அவர் தூங்கும்போது ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டோம். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் இதென்ன என்று கேட்டார். ராத்திரி, சார் என்றார் ஞானம் சிஸ்டர்.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. அவரை வீட்டுக்கு அனுப்பி, பேச்சியம்மாளும் வீடு திரும்பிய பிறகு ஒவ்வொரு வியாழனும் செட்டியார்பட்டிக்குப் போனேன். வாரத்தில் ஆறு நாள் பஸ்ஸில் இடிபட்டது போதாதென்று ஏழாவது நாளும். கிறுக்குப் பிடித்திருக்கிறதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். காரணம் சொல்லவில்லை.

தையல்காரப் பெண்ணும் நானுமாக அவர்கள் இரண்டு பேர் கட்டிலையும் ஒட்டிப் போட்டுக் கயிற்றால் கட்டினோம். நடுவில் ஓட்டை வெட்டின பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை, அடியில் வாளி வைத்து, பேச்சியம்மாள் கட்டிலோடு சேர்த்துப் போட்டோம். கொல்லைப்புறம் போகிற வேலையே கிடையாது. அவர் எழுந்து, திரும்பி, உட்கார வேண்டியதுதான். சுப்பையா உட்கார்ந்த இடத்திலிருந்து கை கொடுத்தால் போதும். கை எட்டும் உயரத்தில் ஸ்விட்சை இறக்கி வைத்தோம். பேச்சியம்மாளின் சீட்டை வாங்கிப் பார்த்தால், நீர் பிரிகிற மாத்திரையை யாரோ ராத்திரிக்கு எழுதியிருந்தார்கள். டாக்டரிடம் காட்டினேன், காலைக்கு மாற்றினார். ஆறு மணிக்கு மேல் காபி கிடையாது என்றேன். நாலு தடவை எழுந்தவர் இரண்டு தடவையானார், பிறகு ஒரு தடவை. இவ்வளவுதான் வித்தை. இதை முதலிலேயே செய்திருக்கலாம். எதற்கு எழுந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

பேச்சியம்மாள் லேசுப்பட்டவர் இல்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறவர்கள் பால்கோவா இல்லாமல் வெறுங்கையோடு வருவது எந்த ஊர் வழக்கம் என்று கேட்பார். சர்க்கரை எம்புட்டு இருக்கிறது தெரியுமா என்று நான் சத்தம் போட்டால், கண்ணுதான் போயிட்டே, இனி என்னத்தப் போகப் போகுது என்பார். ஒரு நாளும் நான் வாங்கிப் போகவில்லை. இன்றைக்கு நினைத்தால் ஒரு துண்டு கொடுத்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

பொங்கலுக்கு மகன் வந்தான். இரண்டு நாள் இருந்து பார்த்தான். அப்பா ராத்திரி விழித்திருந்ததையும் அம்மாவுக்குக் கை கொடுத்ததையும் பார்த்துவிட்டு, தனியாகவே திருப்பூர் பஸ் ஏறினான். அதன் பிறகு இரண்டரை வருஷம் அந்த வீட்டில் யாரும் விழவில்லை. ஞானம் சிஸ்டர் இதற்கிடையில் ஓய்வு பெற்று மகளோடு நாகர்கோவில் போய்விட்டார். நான் அந்த இடத்துக்கு வந்தேன்.

பிறகு ஒரு நாள் காலையில் பேச்சியம்மாள் எழவில்லை. விழவும் இல்லை, நோவும் இல்லை. படுத்தபடியே போய்விட்டார். துட்டி கேட்கப் போயிருந்தேன். சுப்பையா அழவில்லை, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நான்கு வியாழன் நான் போகவில்லை. அந்த ஒட்டுக் கட்டிலைப் பார்க்கத் தெம்பில்லை, வேறொன்றுமில்லை.

அடுத்து வந்த திங்கட்கிழமை மதியம் வெளிநோயாளிகள் கூட்டத்தில் அவரே வந்து நின்றார். செட்டியார்பட்டியிலிருந்து தனியாக, வாக்கரோடு, டவுன் பஸ்ஸில். ஆள் பாதியாகியிருந்தார். பெஞ்சில் உட்கார வைத்தேன். ராத்திரியும் தூங்கவில்லை, பகலிலும் தூங்கவில்லை, படுத்தால் அவள் கூப்பிடுகிற மாதிரியே இருக்கிறது, எழுந்துவிடுகிறேன் என்றார். நேற்றும் முந்தா நேற்றும் சுவரைப் பிடித்துத் தப்பித்தாராம்.

"அந்த மாத்திரையக் குடு, தாயி. இனி என்னைக் கூப்பிட ஆளில்ல. முழிச்சிருந்து என்ன செய்ய?"

கொடுக்க முடியாது, அதைப் போட்டுக்கொண்டு எழுந்தால் விழுந்துவிடுவீர்கள் என்றேன். மூன்று கேள்வியையும் வரிசையாகக் கேட்டேன். பதில் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"இப்ப நான் விழுந்தா யாருக்கு நட்டம்?"

முப்பது வருஷமாக எப்படி விழாமல் இருப்பது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் நான். எதற்காக விழாமல் இருக்க வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை.  எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

"எனக்குத்தான் நட்டம். அன்னைக்கு உங்களுக்குப் பிறை போட்ட கவர்ல மாத்திரை குடுத்தது நான்தான்யா. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காமக் குடுத்தேன். அதனாலதான் நீங்க விழுந்தீக. சொல்லச் சொன்னாக, சொல்லல."

கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுப்பையா வாக்கரின் ரப்பர் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும், தாயி. நாலு அடி தள்ளித்தான உக்காந்திருந்தேன், நீ எழுதுனதப் பாத்துட்டுத்தான் இருந்தேன். வியாழக்கிழம வியாழக்கிழம எதுக்கு வாரன்னும் தெரியும். அவகிட்டச் சொன்னேன், அந்தப் பிள்ள மனசு கெடந்து அடிச்சுக்கிடுது, போகட்டும்மான்னு சொல்லிருவமான்னு. அவதான் வேண்டாம்னுட்டா. சொல்லிராதீக, பொறவு அது வராம இருந்துரும்னா."

அன்று டாக்டர் மாத்திரை எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன். அந்த வாரம் வியாழக்கிழமை செட்டியார்பட்டிக்கு பஸ் ஏறினேன். அதற்கடுத்த வியாழனும் ஏறினேன்.